கண் வேண்டாத வேலை

எண்பதுகளின் தொடக்கத்தில் பொன்னேரியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. வக்கீல் பலகை மாட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காட்டூர்ப் பக்கத்து விவசாயி மகள் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாமே என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்தான் அதிகம். வழக்கோடு வந்தவர்கள் குறைவு.

அவர் வழக்கோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். மனைவியின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு படியேறி, நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். கண்கள் திறந்துதான் இருந்தன. கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் பாலாடை படிந்த மாதிரி வெள்ளை. நான் பேசும்போது அந்த வெள்ளை என் முகத்தைப் பார்க்காமல், என் தோளுக்குப் பின்னால் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. நானே இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, வலை இழுத்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு ஐஸ் கம்பெனியில் மெஷின் ரூம் வேலைக்குப் போனார். ஒரு நாள் மதியம் ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயுக் குழாய் வெடித்தது. உள்ளே ஒரு ஆள் மயங்கி விழுந்துவிட்டான். இவர் துண்டை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு போய் அவனை இழுத்து வந்து போட்டார். வால்வை மூட வேண்டுமே என்று மறுபடியும் உள்ளே போனார். அப்போது துண்டு அவிழ்ந்துவிட்டது.

"வால்வ மூடிட்டுத்தாம்மா வெளிய வந்தேன். வந்து பாத்தா வானம், தரை எல்லாம் ஒரே வெள்ளையா கீது. இன்னாடா இது, மத்தியானத்துல பனி எறங்கிச்சேனு நெனச்சேன். அந்தப் பனி இன்னும் போவல" என்றார்.

வலது கண் முழுதாகப் போயிருந்தது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். எதிரே நிற்பது ஆளா, மரமா என்று சொல்ல முடியாது.

விபத்து நடந்ததைக் கம்பெனி மறுக்கவில்லை. கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது, தகராறு செய்தது இன்ஷூரன்ஸ்காரர்கள். விபத்துக்கு முன்னால் செய்ய முடிந்த எந்த வேலையையும் இனிச் செய்ய முடியாது என்றால் அது முழு ஊனம் என்பது சட்டம். அவர்கள் சொன்னது, இடது கண்ணில் மிச்சம் இருக்கும் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் வேறு வேலை செய்து பிழைக்கலாம், அதனால் இது முழு ஊனம் இல்லை. அதைச் சொல்ல ஒரு நிபுணரையும் கூட்டி வந்தார்கள்.

சென்னையில் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்னால் விசாரணை. நிபுணர் ஓய்வு பெற்ற அதிகாரி. எந்த ஊனத்துக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று முப்பது வருடமாகப் பார்த்து வந்தவர். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, மெல்லிய குரல். என் கட்சிக்காரரைப் பார்த்து முதலில் வணக்கம் சொன்னார். அவருக்கு அது தெரியாது என்று புரிந்ததும், பக்கத்தில் போய் வாயால் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை.

மூன்று வேலைகளை எழுதிக் கொண்டு வந்திருந்தார். முதலாவது இறால் உரிப்பது. இறாலின் முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுக்காவிட்டால் கம்பெனி வாங்குமா என்று கேட்டேன். வாங்காது என்றார். அதை விரலால் கண்டுபிடிக்க முடியுமா என்றேன். யோசித்துவிட்டு, முடியாது என்றார். இரண்டாவது, படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பது. அந்தத் துறையில் சீட்டே கிடையாது, படகுக்காரன் கையில் சில்லறையைக் கொடுத்துவிட்டு ஏறுவோம் என்றேன். ஆணையர் சிரித்துவிட்டார்.

மூன்றாவதில் நான் மாட்டிக்கொண்டேன்.

"குடோன் வாட்ச்மேன் வேலை" என்றார் நிபுணர். "அதற்குக் காது போதும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மணல்திட்டில் ஒரு கருவாட்டுக் கம்பெனி குடோன் இருக்கிறது. அங்கே சுத்தமாகப் பார்வை இல்லாத ஒருவர் பல வருடமாக வாட்ச்மேனாக இருக்கிறார். போன மாதம் நானே படகில் போய் நேரில் பார்த்தேன். அரை மணி நேரம் பேசினேன். உள்ளே ஆட்கள் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த சத்தமும் கேட்டது."

வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

படியில் என் கட்சிக்காரர் கேட்டார். "நெசமாவே அப்பிடி ஒருத்தரு கீறாராம்மா?"

"போய்ப் பாக்கலாம்" என்றேன்.

தை மாதம் ஒரு நாள் காலை நாங்கள் படகில் கிளம்பினோம். நான், அவர், அவர் மனைவி. மனைவியின் தம்பி கோல் ஊன்றினான். ஒன்பது மணி ஆகியும் ஏரி மேல் பனி விலகவில்லை. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லாமல் இரண்டும் ஒன்றாக இருந்தன. கோல் சேற்றில் இறங்கி ஏறும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இவருக்கு எப்போதும் தெரிவது இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் நாலு பேருக்கும் ஒரே பார்வை.

மணல்திட்டு நெருங்கும்போது அவர்தான் முதலில் சொன்னார்.

"அதோ ரெண்டு பேரு நிக்கிறாங்க."

"யாருமில்லியே" என்றாள் மனைவி.

"கீறாங்கடி. ஒசரமா கீறாங்க. அசையவே இல்ல."

இன்னும் கொஞ்சம் போனதும் எனக்கும் தெரிந்தது. பனிக்குள் இரண்டு உருவங்கள் ஆளைவிட உயரமாக நின்றன. தம்பி கோலை நிறுத்திவிட்டான். பிறகு காற்று கொஞ்சம் வீசியது. அவை கிணறுகள். சுற்றியிருந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டு போனதால், தரைக்குள் இருந்த கிணற்று உறைகள் வெளியே வந்து தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தன. தண்ணீர் எடுக்க வேண்டிய வாய் எங்கள் தலைக்கு மேலே இருந்தது.

அது ஒரு குப்பமாக இருந்த இடம். சில வருடங்களுக்கு முன்னால் அடித்த புயலுக்குப் பிறகு எல்லோரும் பக்கத்துத் திட்டுக்குப் போய்விட்டார்கள். நிலைப்படிகள் மட்டும் மணலில் நின்றன. பனைமரங்களுக்குத் தலை இல்லை. நாங்கள் நடந்து போகும்போது டங், டங் என்று இரும்பில் அடிக்கும் சத்தம் வந்தது. பத்து தடவை. மணி பார்த்தேன். சரியாகப் பத்து.

குடோன் தெரிந்தது. நல்ல உயரமான செங்கல் சுவர். நடுவில் பெரிய மரக்கதவு, அதில் எண்ணெய் போட்ட பித்தளைப் பூட்டு. கதவுக்கு முன்னால் ஒரு தகரத்துக்குக் கீழே, மணி அடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில், முக்காலியில் அந்த வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். அம்மைத் தழும்பு நிறைந்த முகம், இமைகள் ஒட்டிக் குழி விழுந்திருந்தன.

"யாரு? சீட்டு கீதா?" என்றார்.

"இன்னா சீட்டு நைனா?" என்றார் என் கட்சிக்காரர்.

"சரக்கு எடுக்கிற சீட்டுதான். ஆபீசு சீட்டு இல்லாம கதவத் தொறக்க மாட்டேன். போன மாசம் ஒரு பெரிய ஆபீசர் வந்தாரு. அவருக்கே தொறக்கல."

சரக்கு எடுக்க வரவில்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். அவர் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தார். குடோன் கூரை வரைக்கும் மூட்டை இருக்கிறது என்றார். அடிக்கடி ஆட்கள் வருவார்கள், அடுக்குவார்கள், இழுப்பார்கள். "நான் குரல் குடுத்தா பதில் சொல்ல மாட்டாங்க. பெரிய எடத்து ஆளுங்க. எனக்கு எதுக்குப் பதில் சொல்லணும்? சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருக்கும்."

என் கட்சிக்காரர் மூக்கை உறிஞ்சினார். என் பக்கம் குனிந்து, "கருவாட்டு வாசனையே இல்லியேம்மா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தார். மனைவி பின்னால் போனாள். நானும் போனேன்.

முன்சுவர் மூலையில் திரும்பியது. பக்கச்சுவர் நாலு அடி நீளம்தான் இருந்தது. அவர் கை வெறும் காற்றில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டார். காற்றைத் தடவிப் பார்த்தார், முன்னாலும் மேலேயும் கீழேயும்.

பின்சுவர் இல்லை. கூரை இல்லை. முன்சுவரும் பூட்டிய கதவும் மட்டும் நின்றன. அதற்கு அந்தப் பக்கம் மணல், அதற்கும் அந்தப் பக்கம் கடல். ஒரு மூட்டைகூட இல்லை. மணலில் நண்டுக் குழிகள்.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவின் அந்தப் பக்கத்திலிருந்து வாட்ச்மேனின் குரல் வந்தது. "எங்க போயிட்டீங்க? ஒக்காருங்க, கம்பெனி சோறு வர்ற நேரம்."

சோறு கொண்டுவந்தவள் பக்கத்துத் திட்டுக் குப்பத்துப் பெண். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு எங்களைத் தள்ளிக் கூட்டிப் போய்ச் சொன்னாள்.

வாட்ச்மேன் வேலை உண்மையில் அவர் தம்பிக்குத்தான் இருந்தது. தம்பிக்குப் பார்வை உண்டு. அண்ணன் சும்மா துணைக்கு உட்கார்ந்திருப்பார். புயலில் தம்பி செத்துப்போனான். கம்பெனியும் திரும்பி வரவில்லை. அண்ணன் தம்பியின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். குப்பத்துக்காரர்கள் வீடு கட்டக் குடோன் தகரத்தை எடுத்தார்கள், பிறகு செங்கல்லை எடுத்தார்கள்.

"பின்பக்கமாத்தான் எடுத்தோம். முன்னால யாரும் கை வெக்கல. பாவம்ல" என்றாள். "சோறு நாலு வூட்டுலேருந்து மொறை வெச்சுக் குடுக்கிறோம். கம்பெனி சோறுனு சொல்லிடுவோம்."

"இப்பவும் ஆளுங்க வந்து எடுக்கிறாங்களா? சத்தம் கேக்குதுங்கிறாரே?" என்றேன்.

"எடுக்கிறதுக்கு இன்னாம்மா கீது அங்க? வருசம் ரெண்டாச்சு நாங்க கதவுக்கு அந்தப் பக்கம் போயி." கொஞ்சம் நிறுத்தினாள். "சத்தம் எங்களுக்கும் கேக்கும். அதனாலதான் போறதில்ல."

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. என் கட்சிக்காரர் ஏரி நடுவில் வந்ததும் கேட்டார். "நாளிக்கு நானும் அப்பிடித்தான் ஒக்காந்திருப்பேனா? பின்னால எல்லாரும் எடுத்துக்கினு போவாங்க. நான் மணி அடிச்சிக்கினு இருப்பேனா?"

நான் பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

"வக்கீலம்மா, அவரப் பத்திக் கோர்ட்டுல சொல்லாத. தெரிஞ்சா வந்து எழுப்பிவுட்டுருவாங்க. எனக்கு வேற இன்னா வேணா சொல்லு. அத்தச் சொல்லாத."

சரி என்றேன். மனைவி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாய்தாவில் நான் குறுக்கு விசாரணையைக் கவனமாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். குடோனுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. நிபுணர் எதைப் பார்த்தார் என்று மட்டும் கேட்பேன்.

"குடோனுக்கு உள்ளே போனீர்களா?"

"இல்லை. சீட்டு இல்லாமல் திறக்க மாட்டேன் என்றார். கடமையில் கண்டிப்பானவர் என்று என் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறேன்."

"உள்ளே சரக்கு இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சொன்னார்."

"அவரை வேலைக்கு வைத்தது யார் என்று கம்பெனியில் விசாரித்தீர்களா?"

"இல்லை. அவரே சொன்னார்."

"அப்படியானால் இந்த வேலை இருக்கிறது என்பதற்கு நீங்கள் கண்ணால் கண்டது எது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்" என்றார்.

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சாட்சி உள்ளே ஆட்கள் வேலை செய்த சத்தத்தைக் காதால் கேட்டிருக்கிறார், அது போதாதா என்றார். நிபுணரும் தலையை ஆட்டினார். "ஆமாம். மூட்டையை இழுக்கிற சத்தம். நன்றாகக் கேட்டது. கதவுக்கு நேர் பின்னால்."

"அப்படி என்றால் அங்கே வேலை நடக்கிறது" என்றார் ஆணையர். மறுபடியும் பேனாவை எடுத்தார்.

அப்போது பின்பெஞ்சில் என் கட்சிக்காரரின் மனைவி எழுந்தாள். அவர் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் பாத்தேன் சாமி. எனக்குக் கண்ணு தெரியும். நான் சொல்றேன்."

நான் அவளைத் தடுத்திருக்கலாம். உட்காரம்மா என்று ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. ஆணையர் என்னைப் பார்த்தார், சாட்சியாக விசாரிக்கிறீர்களா என்றார். விசாரிக்கிறேன் என்றேன்.

அவள் சத்தியம் செய்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கதவு, பூட்டு, சுவர், அதற்குப் பின்னால் கடல். "வேல இல்ல சாமி. கதவு மட்டும்தான் கீது" என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்றார்.

நிபுணர் தன் இடத்திலிருந்தே, யாரிடம் என்று தெரியாமல் கேட்டார். "அப்போது நான் கேட்ட சத்தம்?"

"நண்டா இருக்கும் சாமி" என்றாள் அவள். சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை.

நிபுணர் தன் பட்டியலைக் கையில் எடுத்தார். பிறகு மூன்றாவது வேலையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுமாறு அவரே ஆணையரிடம் சொன்னார்.

அந்த மாதமே தீர்ப்பு வந்தது. முழு ஊனம் என்று ஏற்றுக்கொண்டார்கள். பொன்னேரியில் என் அறைக்கு வந்து மனைவி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். அவர் வரவில்லை. "பத்து நாளா எங்கூடப் பேசல" என்றாள். "பேசாட்டிப் போவட்டும். புள்ளைங்க சாப்பிடுது."

சித்திரையில் செய்தி வந்தது. வழக்கில் குடோன் பேச்சு வந்ததைக் கேள்விப்பட்டு, கருவாட்டுக் கம்பெனி ஆட்கள் இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். வாட்ச்மேனிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் எங்கள் புத்தகத்திலேயே இல்லையே என்று சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவையும் நிலையோடு பெயர்த்துப் படகில் ஏற்றிக்கொண்டார்கள்.

நான் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் திட்டுக் குப்பத்துக்குப் போனேன். பார்வையற்றவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கான விண்ணப்பம். வாட்ச்மேன், சோறு கொண்டுவந்த பெண்ணின் வீட்டில், அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை இல்லை. சட்டை இல்லாமல் அவர் மிகவும் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். கோபம் காட்டவில்லை. நான் படிவத்தைப் படித்தேன். பெயர், வயது, ஊர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"தொழில், இல்லை" என்று படித்தேன்.

"இன்னா போட்டுக்கீற?"

"தொழில் இல்லைனு."

"வாட்ச்மேன்னு போடு. கை வெக்கிறேன்."

அப்படிப் போட்டால் பணம் வராது நைனா என்றேன். வேலை இல்லாதவர்களுக்குத்தான் இது என்றேன். பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மைப்பெட்டியின் பக்கமிருந்து கட்டைவிரலை இழுத்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"அப்போ வேணாம்மா" என்றார். "வெயிலு ஏறுறதுக்குள்ள கெளம்பு."

அந்தப் பெண் என்னைப் படகுவரை கொண்டுவந்து விட்டாள். சோறு போடுவோம், கவலைப்படாதே என்றாள். இப்போது அதைக் கம்பெனி சோறு என்று சொல்வதில்லையாம். சொன்னால் சாப்பிட மாட்டேன் என்கிறாராம்.

அதற்குப் பிறகு இருபது வருடம் இந்த மாதிரி வழக்குகள் நடத்தினேன். ஒவ்வொன்றிலும் ஒரு நிபுணர் வருவார், கையில் வேலைகளின் பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள எல்லா இடத்துக்கும் நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கேள்வி கேட்பேன். ஆனால் அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுக்க மாட்டேன். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.